‘இந்தப் பாறை’ எது?

ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில் நின்று ஒருவர் ‘இந்தப் பாறை’ என்றால், அவர் விரல் காட்டும் கல்லைக் கண்டுகொள்கிறோம். எழுத்துக்கோ விரல் இல்லை. ‘இ’ என்னும் அண்மைச் சுட்டு எப்பெயரைக் குறிக்கிறது என்பதை வாசகரே தேட வேண்டும். மத்தேயு 16:18-இல் ஆண்டவர் சுட்டும் ‘இந்தப் பாறை’ பேதுருவா, அவர் அறிக்கையிட்ட கிறிஸ்துவா?

தூய அகுஸ்தினார் தொடக்கத்தில் பேதுருவே என்றார். பின்னர்ப் பலமுறை கிறிஸ்துவே என்றார். முதுமையில், 427-ஆம் ஆண்டளவில், இரு விளக்கங்களையும் முன்வைத்து, தேர்வை வாசகரிடமே விட்டார்.

கிரேக்கத்தில் பெயர் ‘பெத்ரோஸ்’, ஆண்பால். பாறை ‘பெத்ரா’, பெண்பால். ஐயம் அங்கே பிறந்தது. ஆண்டவர் பேசிய அரமேயத்திலோ இரண்டுக்கும் ‘கேபா’ என்னும் ஒரே சொல். சுட்டு பேதுருவையே பற்றி நிற்கிறது. நம் முன்னோர் வழங்கிய ‘இராயப்பர்’ என்னும் பெயரில் கல்லின் பொருள் தமிழ்க் காதுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே பிற சபையார் வினவும்போது நம்மவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

1870-இல் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் பேதுருவின் தலைமைக்கு இவ்வசனத்தையே சான்றாக்கியது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலோ பேதுருவையும் பாறை என்கிறது. அவர் அறிக்கையிட்ட விசுவாசத்தையும் பாறை என்கிறது. ஆளையும் விசுவாசத்தையும் பிரியாது வாசிப்பதே நம் மரபு. பிரித்தால் என்னாகும் என்பதை அதே அதிகாரம் காட்டுகிறது: சிலுவையை மறுத்த அதே பேதுரு, ஐந்து வசனங்களுக்குப்பின் ஆண்டவருக்கே இடறலாகிறார்.