பழவேற்காட்டில் மிஞ்சிய வாசல்

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறிப் பழவேற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கும் மீனுக்கும்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் மீன் மறந்துபோச்சு.

கல்லறைக்கு வாசல் இருக்கிறது. அந்த டச்சுக்காரர்கள் வாழ்ந்த கெல்டிரியா கோட்டைக்கு இல்லை. கோட்டை இருந்த இடத்தில் அகழியின் தடமும் முள்ளுப் புதரும்தான். பிரான்சின் லா ரோஷெல்லில் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் நுழையும் இடைக்காலக் கோட்டை வாசல் மணிக்கூண்டோடு இன்னும் நிற்கிறது. அங்கிருந்து அடிமைக் கப்பல்கள் கிளம்பியதை அந்த ஊர் அருங்காட்சியகமே சொல்கிறது. நம்ம ஊர்க் கோட்டையோடு சேர்ந்து கதையும் இடிந்துவிட்டது.

டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை போட்டது 1610ல். 1612ல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் அதை அழித்தார்கள். அடுத்த வருஷமே கோட்டை எழுந்தது. வெம்மர் வான் பெர்கெம் என்ற அதிகாரி தன் சொந்த மாகாணத்தின் பெயரை அதற்கு வைத்தார். அவர்களுக்கு வேண்டியது துணி. பழவேற்காட்டுத் துணி கிழக்கே அவ்வளவு போயிருக்கிறது. மலாய்க்காரர்கள் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் வேறெதுவுமில்லை, நம்ம பழவேற்காடுதான்.

இதுவரைக்கும் எல்லோரும் விரும்பிச் சொல்கிற கதை. துணி போன கடல்வழியில் ஆட்களும் போனார்கள்.

1618ல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளைகளையும் தங்களையுமே விற்ற காலம். 1622, 1623 இரண்டே வருஷத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து கம்பெனி 1,900 பேரை அடிமைகளாகக் கப்பல் ஏற்றியது. கையில் பணம் மட்டும் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று இங்கிருந்த அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்கு ஆபீஸ் மெயில் ஞாபகம் வந்தது. பட்ஜெட் போதாததால் டார்கெட் எட்டவில்லை. அதே தொனி, அதே வருத்தம்.

மறுபடி கல்லறை வாசலுக்கு வந்தேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே டச்சு எழுத்தில் பெயர்கள், குடும்பச் சின்னங்கள். 17ஆம் நூற்றாண்டுக் கற்களில்கூட விரல் வைத்து வாசிக்கலாம். கப்பலேறியவர்கள் எந்த வாசல் வழியாகப் போயிருந்தாலும் அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லும் கல் இங்கே கிடையாது. அகழிப் பக்கம் ஒரு சுற்று நடந்தேன். சீமைக் கருவேலம் அடர்ந்து, ஓர் ஆள் நுழையக்கூட இடைவெளி இல்லை.