உரிமச் சீட்டும் எல்லைக் கோடும்

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் பொங்கோல் முனை இருக்கிறது. அங்கு நின்று வடக்கே பார்த்தால் ஜொகூர் நீரிணையும், அதற்கு அப்பால் மலேசியக் கரையும் தெரியும். இடையில் ஓடும் நீரிலே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று உண்டு. 1927ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசும் ஜொகூர் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தக் கோட்டை வகுத்தது. 1995இல் சிங்கப்பூரும் மலேசியாவும் அதை நுணுக்கமாக அளந்து உறுதி செய்தன. மீன் அந்தக் கோட்டை அறியாது, சட்டம் அறியும்.

ஒருவர் கையில் முறையான உரிமத்துடன் கூடிய கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை இடுப்பில் செருகி, மேலே சட்டையை மூடிக்கொண்டு, ஓர் ஆட்சியின் எல்லையிலிருந்து இன்னோர் ஆட்சியின் எல்லைக்குள் போகிறார். அவரிடம் உள்ள உரிமம் அங்கே செல்லுமா? சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், இதற்குச் சொல்லப்பட்ட விடைகளில் சில மனித உயிர்களையே விலையாகக் கேட்டிருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தமிழகத்துக்குப் போவோம். பாளையக்காரர் போர்கள் முடிவுற்ற 1801ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஆயுதம் வைத்திருப்பதும் ஏந்திச் செல்வதும் தடுக்கப்பட்டன. அதுவரை வேலும் வாளும் துப்பாக்கியும் ஊர்க்காவலின் அங்கமாக இருந்தன. அன்றுமுதல் ஆயுதம் ஏந்துவது அரசின் அனுமதிக்கு உட்பட்ட காரியம் ஆயிற்று.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தப் பிடி இந்தியா முழுவதும் இறுகியது. லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. உரிமமின்றி ஆயுதம் ஏந்தி நடமாடுவது குற்றம் என்றது அந்தச் சட்டம். ஆனால் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே இரயில் வண்டியில் ஒரே வகைத் துப்பாக்கியுடன் பயணம் செய்யும் இருவரில் ஒருவருக்கு உரிமம் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம். வேறுபாடு பிறப்பில் மட்டுமே. 1887இல் பதுருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நமக்கு ஆயுதம் தேவையா என்பதைக் காட்டிலும், நம்மை நம்பாத சட்டத்தை நாம் ஏன் மதிக்க வேண்டும் என்பதே அன்றையோர் மனத்தை உறுத்தியது.

அப்போதைய இந்தியா ஒரே நாடாக இருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா, சுதேச சமஸ்தானங்கள், புதுச்சேரி போன்ற பிரெஞ்சுப் பகுதிகள் என்று பல ஆட்சிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் சட்டம் இன்னொன்றின் எல்லையில் நின்றுவிடும். 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். வாஞ்சி திருவிதாங்கூர் சமஸ்தானத்து வனத்துறையில் வேலை பார்த்தவர். துப்பாக்கிப் பயிற்சி பெற்றதோ பிரெஞ்சுப் புதுச்சேரியில். சம்பவம் நடந்தது பிரிட்டிஷ் மண்ணில். மூன்று ஆட்சிகள், ஒரு மறைத்த துப்பாக்கி. 1878ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், எல்லையைத் தாண்டி வரும் மனிதரின் உடைக்குள் அதனால் எட்டிப் பார்க்க முடியவில்லை. அச்செயலை எப்படி மதிப்பிடுவது என்பது வேறு விவாதம். நமது பொருளுக்கு வேண்டிய பாடம் ஒன்றே: சட்டம் கோட்டோடு நிற்கிறது, துப்பாக்கி நிற்பதில்லை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை சிங்கப்பூர் இந்திய அரசின் நிர்வாகத்தில் இருந்தது. அன்று நேரடிக் குடியேற்ற நாடாகப் பிரிந்ததனால், 1878ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வரவில்லை. இங்கே ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் ஆள்வதற்கு 1913இல் தனிச் சட்டம் செய்யப்பட்டது. ஆயுதத்தை வைத்திருக்க மட்டுமன்றி, உள்ளே கொண்டு வரவும் வெளியே கொண்டு போகவும் உரிமம் வேண்டும் என்பது இத்தகைய சட்டத்தின் அடிப்படை. துறைமுக நகரம் ஒன்றுக்கு இது இன்றியமையாதது. நாள்தோறும் பல நாட்டுக் கப்பல்கள் வரும் ஊரிலே, ஆயுதம் வீட்டில் பிறப்பதைவிட வாயிலில் நுழைவதே அதிகம் அல்லவா?

ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பொங்கோல் கரையில் 300 முதல் 400 வரையிலான சீன ஆடவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. ஆயுதம் ஏந்தியோர் சட்டத்துக்குக் கட்டுப்படாதபோது என்ன நேரும் என்பதற்கு அந்தக் கரை மௌன சாட்சியாக நிற்கிறது. போர் முடிந்தபோது, காட்டில் ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டது. ஆயுதம் ஒப்படைத்தவருக்கு 350 வெள்ளி தரப்பட்டது. ஆனால் எல்லாத் துப்பாக்கிகளும் திரும்பி வரவில்லை. தோட்டங்களிலும் காடுகளிலும் அவை உறங்கிக் கிடந்தன.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதும் மலாயாக் கூட்டரசில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் சிங்கப்பூரிலும் அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த விதிமுறைகளின் கீழ், கூட்டரசில் அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவதற்கு மரண தண்டனை. சுட வேண்டாம், யாரையும் காயப்படுத்த வேண்டாம், ஏந்தியிருந்தாலே போதும்.

இந்த விதியில் சிக்கிய இரண்டு தமிழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சைப் பகுதியில் பிறந்து இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். அந்தச் சம்மேளனம் 1948இல் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று கைது செய்யப்பட்டார். துப்பாக்கி வழியில் கிடைத்தது, காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றேன் என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேருவின் அரசு அவருக்காக முறையிட்டது. எனினும் 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடுச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவர் சொன்னது உண்மையா, இல்லையா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி ஒன்று மட்டும் மறையாது. சட்டத்துக்குப் புறம்பான ஆயுதம் ஒன்று கையில் வந்துவிட்ட மனிதர், அதைச் சட்டத்தின் கையில் சேர்க்கும்வரை எந்த நிலையில் இருக்கிறார்? அவர் ஏந்தித்தான் போக வேண்டும், ஏந்தினாலோ குற்றம். திரும்பக் கொடுப்பதற்கு வாசல் வைக்காத சட்டம், கொடுக்க விரும்புகிறவரையும் ஒளிய விரும்புகிறவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது.

இரண்டாமவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டவர். துப்பாக்கி ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் துப்பாக்கிக்காக மறுபடியும் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் கவுன்சில் தண்டனையை நீக்கியது. ஏன்? இரு குற்றங்களையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக இருந்த வாக்குமூலத்தைக் கொண்டே அவர்மீது வழக்கு நடத்தினார்கள். அதில் பாதி பற்றி முன்பே குற்றமற்றவர் என்று தீர்ப்பாகியிருந்தது. அந்தத் தீர்ப்பை மறைத்துவிட்டு அதே வாக்குமூலத்தை மறுபடியும் முழுதாக நம்பச் சொல்வது முறையன்று என்றது கவுன்சில். கடுமையான சட்டத்திலும் நெறிமுறை என்ற ஓர் இழை அறுந்துவிடவில்லை என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. இன்றும் பல நாடுகளின் சட்ட நூல்களில் அது மேற்கோளாக நிற்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகளில் எல்லைக் கோடே இடம் மாறியது. 1963இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம் ஆயிற்று. 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் தனி நாடானது. நேற்றுவரை இரு மாநிலங்களுக்கு இடையே இருந்த கோடு, மறுநாள் இரு நாடுகளுக்கு இடையே ஆகிவிட்டது. ஒரு கரையில் தவறு செய்துவிட்டு மறுகரையில் ஒளிந்துகொள்ளும் ஆயுதக் கொள்ளையர் இந்தக் கோட்டைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டனர். இரு நாட்டுக் காவலர்களும் தேடிய லிம் பான் லிம் 1972இல் சிங்கப்பூரில் காவலரால் சுட்டு வீழ்த்தப்பட்டார். மலேசியா 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிச் சட்டம் செய்தது. சிங்கப்பூர் 1973இல் ஆயுதக் குற்றச் சட்டத்தைக் கொண்டு வந்தது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். காயப்படுத்தும் நோக்குடன் சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும், மரண தண்டனை. தோட்டாவும் இச்சட்டத்தின் பிடியில் வரும்; பயணப் பையில் மறந்து கிடந்த ஒன்றும் விளக்கம் கேட்கப்படாமல் போகாது.

மற்ற நாடுகள் இதே கேள்விக்கு என்ன விடை கண்டன? இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. பிறப்பைப் பார்க்கும் பழைய விலக்குகளுக்கு அதில் இடமில்லை. உரிமத்திலேயே எந்த மாவட்டத்துக்கு, எந்த மாநிலத்துக்கு, அல்லது நாடு முழுமைக்கும் செல்லுமா என்று எழுதப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் பெற்ற உரிமத்தை மடியில் வைத்துக்கொண்டு துப்பாக்கியுடன் கர்நாடகத்துக்குப் போக முடியாது. அரசு குறிப்பிடும் நாடுகளிலிருந்து வேட்டை, விளையாட்டுக்காக வரும் சுற்றுலாப் பயணிக்கென்றும் அச்சட்டத்தில் ஏற்பாடு உண்டு.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஒரு மாநிலம் தந்த மறைத்து ஏந்தும் உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் நடுவழி மாநிலங்களைக் கடப்பதற்கு மட்டும் வழி தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்த ஆயுதம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், குண்டு அகற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இடுப்பில் செருகிச் செல்ல அச்சட்டம் அனுமதிக்கவில்லை. 2004இல் செய்த இன்னொரு சட்டம், பணியிலுள்ள, ஓய்வு பெற்ற காவலர்களில் தகுதியுடையோர் எந்த மாநிலத்திலும் மறைத்து ஏந்தலாம் என்றது. ஆயுதம் ஏந்துவதைக் குடிமக்களின் உரிமையாகக் கருதும் அந்த நாட்டிலேயே, எல்லைக் கோட்டருகில் உரிமை தயங்கித்தான் நிற்கிறது.

சிங்கப்பூரில் துப்பாக்கி விளையாட்டு வீரர்கள் சங்கத்தின் ஆயுதக் கிடங்கில் தங்கள் ஆயுதத்தை ஒப்படைத்து வைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து போட்டிக்கு வருபவர் முன்கூட்டியே அனுமதி பெற்று, நுழையும் இடத்தில் அறிவித்துக் கொண்டு வர வேண்டும். 1913ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக, 2021இல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? துப்பாக்கி உரிமம் என்பது மனிதரோடு ஒட்டிய தகுதி அன்று. அது ஒரு நிலத்தின் ஆட்சி அந்த நிலத்துக்காகத் தந்த நம்பிக்கை. நிலம் மாறும்போது நம்பிக்கையைப் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பது பயணியின் கடமை. கேட்பவருக்குக் கதவைத் திறந்து வைப்பது அரசின் கடமை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒரே கதவாக இருக்கவில்லை. அதனால் மக்கள் மதிப்பை இழந்தது. 1948ஆம் ஆண்டு விதியில் கதவே இல்லை. அதனால் கணபதியின் கேள்வி விடையின்றி நிற்கிறது. கடுமையும் கதவும் சேர்ந்திருக்கும்போதுதான் சட்டம் அச்சமாக மட்டும் இல்லாமல் காவலாகவும் ஆகிறது. பொங்கோல் கரையில் மாலையில் நடக்கும் குடும்பங்கள் அச்சமின்றி நடப்பது அந்தக் காவலால்தான்.