ஹெட்போனுக்கு வயசாகுமா? காந்தத்துல இருந்து காது மெத்தை வரைக்கும் ஒரு வரலாறு

இந்த எபிசோடுக்கான கேள்வி நண்பர்கள் பல பேர் கேட்டதுதான். "வாங்கின புதுசுல பேஸ் செமயா இருந்துச்சு. ரெண்டு வருஷம் போனதும் தகர டப்பா மாதிரி கேக்குது. கம்பெனிக்காரன் வேணும்னே இப்படிச் செய்றானா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

இதுக்கு ஒரு வரில பதில் சொல்லலாம்: ஹெட்போனுக்கு நிஜமாவே வயசாகும். ஆனா அதுல எந்தப் பாகத்துக்கு முதல்ல வயசாகும்ங்கிறது காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. அந்த வரலாறு தெரிஞ்சா, உங்க ஹெட்போன்ல என்ன கெட்டுப்போச்சுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம். வாங்க, நூறு வருஷம் பின்னாடி போவோம்.

காந்தம் களைச்சுப் போன காலம்

1924-ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அந்த வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பிச்சுது. டிரான்ஸ்மிட்டரோட சக்தி வெறும் 40 வாட். நம்ம வீட்டு பழைய குண்டு பல்பு அளவுதான். பணம் இல்லாம 1927-ல கிளப் மூடிட்டாங்க. அந்தக் கருவிகளை வச்சு 1930-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஒலிபரப்பைத் தொடர்ந்துச்சு. ஆல் இந்தியா ரேடியோவோட சென்னை நிலையம் வந்தது 1938-ல. பிரெஞ்சு ஆட்சி போய், நம்ம பாண்டிக்குன்னு ஒரு வானொலி நிலையம் வர 1967 ஆயிடுச்சு.

1920-கள்ல மலிவான ரேடியோன்னா அது கிரிஸ்டல் செட். அதுக்குக் கரண்டும் வேணாம், பேட்டரியும் வேணாம். ஏரியல்ல வர்ற சக்தியே போதும். ஆனா அந்தச் சக்தியால ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அதனால ஹெட்போன் கட்டாயம்.

அந்த ஹெட்போனுக்குள்ள மூணே விஷயம்தான்: ஒரு எஃகு காந்தம், தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பில சுத்தின காயில், அதுக்கு முன்னாடி ஒரு மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் தகட்டை எப்பவும் இழுத்துப் பிடிச்சிருக்கும். காயில்ல சிக்னல் வரும்போது அந்த இழுப்பு கூடும், குறையும். தகடு அதிரும், சத்தம் வரும்.

பிரச்சினை காந்தத்துல இருந்துச்சு. அந்தக் காலத்து எஃகு காந்தம் கீழ விழுந்தா பலம் குறையும், சூடுபட்டாலும் குறையும். வால்வு ரேடியோ வந்தப்ப இன்னொரு தலைவலியும் வந்துச்சு. வால்வுல இருந்து வர்ற நேர்மின்சாரம் ஹெட்போன் காயில் வழியாவே போகும். வயரை மாத்திக் கொடுத்தா அந்த மின்சாரம் காந்தத்துக்கு எதிரா வேலை செஞ்சு கொஞ்சம் கொஞ்சமா அதோட பலத்தைக் குறைக்கும். அதனாலதான் பழைய ஹெட்போன் வயர்ல ஒரு பக்கம் மட்டும் கலர் நூல் ஓடும். எது பிளஸ்னு தெரியறதுக்காக. காந்தம் ரொம்ப பலவீனமாயிட்டா அதுக்குத் திரும்ப காந்தம் ஏத்திக்கலாம். அதாவது, ஹெட்போனோட சத்தம் ஏன் குறையுதுன்னு அன்னைக்கு அதை வச்சிருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதுக்கு வைத்தியமும் இருந்துச்சு.

இந்தக் காந்தப் பிரச்சினையைத் தீர்த்ததுல பெரிய பங்கு ஜப்பானுக்கு உண்டு. 1917-ல கோட்டாரோ ஹோண்டா கோபால்ட் கலந்த எஃகு காந்தத்தைக் கண்டுபிடிச்சார். 1931-ல மிஷிமா செஞ்ச கலவைதான் இன்னைக்கு ஆல்னிகோன்னு சொல்ற குடும்பத்தோட ஆரம்பம். 1980-களோட தொடக்கத்துல சகாவா நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுவந்தார். இன்னைக்கு உங்க ஹெட்போன்ல இருக்கறது பெரும்பாலும் அதுதான். சாதாரணமா பயன்படுத்தற வரைக்கும் அதோட பலம் பல வருஷத்துக்குக் குறையாது. அதனால உங்க பேஸ் போனதுக்குக் காந்தம் காரணம் இல்லை.

உப்பு கரைஞ்ச காலம்

நடுவுல ஒரு கிளைக்கதை இருக்கு. அதுல பிரெஞ்சு சம்பந்தமும் உண்டு. பிரான்சுவா மர்த்தேன் 1674-ல பாண்டிச்சேரிக்கு வந்த அதே 17-ஆம் நூற்றாண்டுல, பிரான்சின் லா ரோஷெல் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் ஒரு உப்பைத் தயாரிச்சார். பேதி மருந்தா வித்தாங்க. பேர் ரோஷெல் உப்பு.

1880-ல பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினா மின்சாரம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பட்டியல்ல இந்தப் பேதி உப்பும் இருந்துச்சு. மின்சாரம் கொடுத்தா படிகம் வளையும்ங்கிறது அதோட மறுபக்கம். அப்போ அதை வச்சு சத்தம் உண்டாக்கலாம். 1930-கள்ல அமெரிக்காவோட பிரஷ் கம்பெனி இந்தப் படிகத்தை வச்சே ஹெட்போன் செஞ்சு வித்தாங்க. காந்தமும் இல்லை, காயிலும் இல்லை. எடையும் கம்மி.

ஆனா உப்பு உப்புதானே! காத்துல ஈரம் ரொம்ப ஏறினா ரோஷெல் உப்பு கசிஞ்சு கரைய ஆரம்பிக்கும். ரொம்ப காய்ஞ்சாலும் பொடியாகும். சுமார் 55 டிகிரி சூட்டுல உருக்குலைஞ்சிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை கொட்டற கடற்கரை ஊர்ல இது எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பின்னாடி செராமிக் வந்து இந்த உப்பை ஓரங்கட்டிடுச்சு.

மெத்தை உதிர்ற காலம்

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 1937-ல ஜெர்மனில ஓட்டோ பாயரும் அவர் குழுவும் பாலியூரித்தேன் கண்டுபிடிச்சாங்க. மெத்தை, செருப்பு, சோபான்னு அது நுழையாத இடமே இல்லை. 1968-ல சென்ஹைசர் ஹெச்.டி. 414 மாடல் மஞ்சள் நுரைப்பஞ்சோட வந்துச்சு. 1979-ல சோனி வாக்மேனோட வந்த குட்டி ஹெட்போன்லயும் நுரைப்பஞ்சுதான். இப்ப வர்ற காது மெத்தையில தோல் மாதிரி தெரியறதும் பெரும்பாலும் துணி மேல பூசின மெல்லிய பாலியூரித்தேன்தான்.

இதுல பாலியெஸ்டர் வகைக்கு எதிரி தண்ணீர். காத்துல இருக்கற ஈரமே அதோட மூலக்கூறுச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியா வெட்டும். பயன்படுத்தாம வச்சிருந்தாலும் இது நடக்கும். கல்யாணத்துக்கு வாங்கின ஷூவை பீரோல பத்திரமா வச்சு, சில வருஷம் கழிச்சுப் போட்டா சோல் பிஸ்கட் மாதிரி உதிருமே, அதே வேதியியல்தான். 1970, 80-கள்ல வந்த பல ஒலிநாடாக்கள் பிசுபிசுன்னு ஒட்டிக்கிறதும் இதனாலதான். அதுல காந்தத்தூளைப் பிடிச்சு வைக்கிற பசையும் பாலியூரித்தேன். ஆவணக் காப்பகங்கள்ல அந்த நாடாவைச் சுமார் 50 டிகிரி சூட்டுல பல மணிநேரம் வச்சு எடுத்து, அவசரமா ஒரு பிரதி எடுத்துக்குவாங்க. கடல்காத்து, வியர்வை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் சேர்ந்த நம்ம ஊர்ல காது மெத்தைக்கு ஆயுசு இன்னும் குறைச்சல்.

மெத்தை உதிர்ந்தா சத்தம் ஏன் மாறணும்? பேஸ்ங்கிறது மெதுவா அழுத்தி இழுக்கற காத்து. காதைச் சுத்தி ஓட்டை இல்லாம மூடியிருந்தாதான் அந்த அழுத்தம் நிக்கும். மெத்தையில ஒரு விரிசல் விழுந்தா முதல்ல கசியறது பேஸ்தான். மெத்தை அமுங்கிப் போனா டிரைவர் காதுக்குக் கிட்ட வந்துடும், உயர்ந்த ஸ்வரங்களோட அளவும் மாறும். காதுக்குள்ள வைக்கிற இயர்போன்ல இதே வேலையைச் செய்யறது ரப்பர் முனை. அதோட காது அழுக்கு வலையை அடைச்சா சத்தம் மங்கிடும்.

"பர்ன்-இன்" பத்தியும் கேப்பீங்க. நூறு மணிநேரம் ஓட்டினா சவுண்ட் திறந்துடும்னு சொல்ற கதை. அளந்து பாத்தா டிரைவர்ல வர்ற மாற்றம் ரொம்பச் சின்னது. ஹெட்போனைக் கழட்டித் திரும்பப் போட்டாலே அதைவிட அதிகம் மாறும். புதுசுல நிஜமா இளகிக் கொடுக்கறது மெத்தை, பழகறது நம்ம மூளை.

வால்யூமைக் கூட்டினா யார் கணக்கு?

இதை வெறும் ஆடியோ பைத்தியங்களோட பேச்சுன்னு நான் நினைக்கலை. மெத்தை கசிஞ்சா பேஸ் வெளிய போகும், பஸ் ஹாரன் உள்ள வரும். ரெண்டுக்கும் சேத்து நாம செய்யறது ஒன்னுதான். வால்யூமை ரெண்டு புள்ளி கூட்டுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணிநேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-ல 20 மணிநேரம், 86-ல 10, 89-ல வெறும் 5. நாள் முழுக்க மீட்டிங்ல இருக்கற என்னை மாதிரி ஐ.டி. ஆளுங்க அந்த 5 மணிநேரத்தைத் திங்கட்கிழமையே முடிச்சிடுவாங்க. சில நூறு ரூபாய் மெத்தையை மாத்தாததுக்கு, திரும்ப வளராத உள்காது செல்கள் விலை கொடுக்குது.

அதனால மூணு விஷயம் செய்ங்க. முதல்ல, ஹெட்போனைப் போட்டுக்கிட்டு ரெண்டு கையாலயும் மெத்தையை லேசா அழுத்துங்க. பேஸ் திரும்பி வந்தா குற்றவாளி மெத்தை. மாத்துங்க. இயர்போன்னா வலையைக் காய்ஞ்ச மென்மையான பிரஷ்ல சுத்தம் பண்ணுங்க. ரெண்டாவது, ஒரு பக்கம் சத்தம் கம்மியா இருந்தா ஹெட்போனை இடம் வலம் மாத்திப் போடுங்க. மந்தம் அடுத்த காதுக்கு மாறினா கோளாறு ஹெட்போன்ல. அதே காதுலயே நின்னா கோளாறு காதுல. அப்ப புது ஹெட்போன் தேடாம ஈ.என்.டி. டாக்டர்கிட்ட போங்க. மூணாவது, அடுத்த ஹெட்போன் வாங்கும்போது மெத்தையைக் கழட்ட முடியுமா, அந்த மாடலுக்குத் தனியா மெத்தை கிடைக்குதான்னு பாத்து வாங்குங்க. கலர் நூலைப் பாத்து வயர் மாட்டினவங்களுக்கு இருந்த அந்த அறிவு நமக்கும் வேணும்.

ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய ஹெட்போன் கண்ல பட்டா வயரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. கலர் நூல் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.