குறுந்தகட்டு லேசரும் பழைய கீற்றணியும்

1995 ஜூன் 5 அன்று, அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடியம் அணுக்களைக் கொண்டு போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கினர். 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திர நாத் போஸ் எழுதிய கட்டுரையில் வேர்கொண்ட கருத்து, எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வகத்தில் மெய்ப்பட்டது. இவ்வரலாற்றில் கோட்பாட்டாளர்களின் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அணுக்களை முதற்கட்டத்தில் குளிர்வித்த ஒளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது.

அவ்வொளியைத் தந்தவை குறைக்கடத்தி லேசர்கள். 1962இல் ராபர்ட் ஹால் உள்ளிட்டோர் உருவாக்கிய முதல் குறைக்கடத்தி லேசர்கள் கடுங்குளிரில், துடிப்புகளாக மட்டுமே இயங்கின. 1970இல் அவை அறை வெப்பநிலையில் தொடர்ந்து இயங்கலாயின. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டு இசைக்கருவிகளுக்காக 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர்கள் பெருமளவில் உற்பத்தியாயின. ருபீடியம் அணு வலுவாக உட்கவரும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ அதுவே. இப்பொருத்தம் தற்செயலானது.

ஆயினும் இசைக்குப் போதுமான லேசர் அணுவுக்குப் போதாது. ருபீடியத்தின் அந்நிறமாலைக் கோட்டின் இயல்பான அகலம் சுமார் 6 மெகாஹெர்ட்ஸ். தனித்து இயங்கும் குறைக்கடத்தி லேசரின் அதிர்வெண் பரவலோ பல பத்து மெகாஹெர்ட்ஸ். வெப்பநிலை சற்றே மாறினும் அலைநீளம் நகரும். சில இடங்களில் திடீரெனத் தாவும்.

இதற்கான தீர்வு பழைய கருவியொன்றில் இருந்தது. 1821இல் ஃபிரான்ஹோஃபர் மெல்லிய கம்பிகளை நெருக்கமாக இணைத்துக் கீற்றணி அமைத்து, ஒளியின் அலைநீளத்தை அளந்தார். அத்தகைய கீற்றணியை லேசரின் எதிரே சாய்வாக நிறுத்தினால், அச்சாய்வுக்குரிய அலைநீளம் மட்டும் வந்த வழியே லேசருக்குள் திரும்பும். லேசர் அதனையே பற்றிக்கொண்டு ஒளிரும். மில்லிமீட்டருக்கு 1800 கோடுகள் கொண்ட கீற்றணியில், 780 நானோமீட்டருக்குரிய கோணம் ஏறத்தாழ 45 பாகை. எஞ்சிய ஒளி பக்கவாட்டில் செங்கோணமாக வெளியேறிப் பயன்படுகிறது. பீசோ படிகம் ஒன்று கீற்றணியை நுண்ணளவில் அசைக்க, அலைநீளம் மாறுகிறது. ஒளி சென்று திரும்பும் தொலைவு கூடுவதால் அதிர்வெண் பரவலும் 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சுருங்குகிறது.

கீற்றணியால் அலைநீளத்தைத் தேர்வது சாய லேசர்களில் முன்பே வழக்கிலிருந்தது. ஆனால் அவற்றை இயக்கப் பெரிய ஆர்கான் லேசர்களும் மிகுந்த மின்சாரமும் நீர்க்குளிர்ச்சியும் வேண்டியிருந்தன. செல்வ வளமுள்ள ஆய்வகங்களுக்கே அவை எட்டின. 1991இல் வீமனும் ஹோல்பெர்க்கும் அணு இயற்பியலுக்குக் குறைக்கடத்தி லேசர்களைப் பயன்படுத்தும் முறையை விரிவாக எழுதினர். மறு ஆண்டு, கீற்றணி லேசரைக் கட்டமைக்கும் வழியை வீமனும் இரு சக ஆய்வாளர்களும் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் தேர்ந்த இதழ் இயற்பியல் கற்பித்தலுக்குரியது. அணுக்களின் நுண்ணமைப்பை நேரில் ஆராயும் வாய்ப்பு மாணவர் ஆய்வகத்தின் மேசைக்கு வந்தது அவ்வழியில்தான்.