பேறுகால வேதனையும் ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பும்

1847 நவம்பரில் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் மகப்பேற்றில் குளோரோஃபார்மை முதன்முதலாகப் பயன்படுத்தினார். அவ்வாண்டு சனவரியிலேயே ஈதரைக் கையாண்டிருந்தார். டிசம்பரில், மயக்க மருந்துக்கு எதிரான சமய மறுப்புகளுக்கு விடையாக ஒரு சிறுநூலை வெளியிட்டார். மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொருளாய்வு என்ற வகையில் அந்நூல் மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இடம்பெறத்தக்கது.

சிக்கலின் மூலம் விவிலியத்தின் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரமாகும். அதன் 16ஆம் வசனம் ஏவாளை நோக்கியும் 17ஆம் வசனம் ஆதாமை நோக்கியும் அமைந்தவை. இரண்டிலும் ‘இட்சவோன்’ என்னும் எபிரேயச் சொல் வருகிறது. பிள்ளை பெறுதலைக் கூறும் தொடரில் அதே வேரினின்று தோன்றிய ‘எட்செவ்’ வருகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இம்மூன்று இடங்களிலும் துயரம் எனப் பொருள்படும் ஒரே சொல்லை ஆண்டது. பேறுகால வேதனை இறைவனால் விதிக்கப்பட்டது, அதைத் தணித்தல் தகாது என்னும் கருத்து இவ்வசனத்தையே சார்ந்து நின்றது.

சிம்சனின் வாதம் இருவகைப்பட்டது. முதலாவது, ‘எட்செவ்’ உழைப்பையும் முயற்சியையும் குறிப்பது. பேறுகால வலியைச் சுட்ட எபிரேயத்தில் ‘ஹீல்’, ‘ஹேவெல்’ என்னும் வேறு சொற்கள் உள்ளன. இரண்டாவது, முள்ளைக் களைந்தும் எருதைப் பூட்டியும் ஆடவன் தன் உழைப்பின் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாமெனில், பெண்ணுக்கு மட்டும் அது மறுக்கப்படுவது ஏன்?

அச்சில் வந்த சமய எதிர்ப்பு மிகுதியன்று என்பதைப் பிற்கால வரலாற்றாய்வுகள் காட்டியுள்ளன. வலி இயற்கையின் நன்மையான வெளிப்பாடு என்று வாதிட்ட பிலடெல்பியாவின் சார்லஸ் மெய்க்ஸ் போன்ற மருத்துவர்களின் எதிர்ப்பே வலுவானது. 1853இலும் 1857இலும் விக்டோரியா அரசிக்கு ஜான் ஸ்நோ குளோரோஃபார்ம் அளித்தமை மருந்தின் ஏற்புக்குத் துணைநின்றது. ஆயினும் வசனம் பற்றிய வினா ஓயவில்லை. 1956 சனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வலியில்லா மகப்பேற்று முறை மறைநூலுக்கு முரணன்று என மருத்துவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இங்கு ஒப்பிடத்தக்கது. ‘இட்சவோன்’ அதில் பெண்ணுக்கு ‘வேதனை’ எனவும் ஆணுக்கு ‘வருத்தம்’ எனவும் பிரிகிறது. திருக்குறளில் ‘மெய்வருத்தம்’ உடலின் முயற்சியைக் குறிப்பதை நோக்கின், சிம்சன் பெண்ணுக்கும் வேண்டிய பொருளைத் தமிழ் ஆணுக்கு மட்டும் தந்திருப்பது புலனாகும். மூலத்தின் ஒருசொல் ஒற்றுமை தமிழில் மறைந்ததால், இருவர் நிலையும் ஒன்றே என்னும் வாதத்தைத் தமிழ் வாசகர் தம் நூலிலிருந்து எழுப்புதல் அரிது.

இன்றைய மருத்துவ மொழிபெயர்ப்பிலும் இத்தகைய பொறுப்பு உண்டு. 1980இல் பென்னி சிம்கினும் கார்லா ரெய்ன்கேயும் தாயின் விருப்பங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை ஒரு சிறுநூலால் பரப்பினர். இதனைப் ‘பேறுகாலத் திட்டம்’ எனப் பெயர்க்கலாம். ஆனால் ‘திட்டம்’ உறுதியையும் வரையறையையும் உணர்த்தும் சொல். மருந்து வேண்டாமென எழுதியவர் வலி மிகும்போது முதுகுத்தண்டுவழி மருந்தை நாடலாம். அறுவை மருத்துவம் இன்றியமையாததாகலாம். அந்நிலையில் திட்டம் ‘தவறியது’ என்றாகித் தாய்மேல் தோல்வியின் பழி விழுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளோ, வலித்தணிப்பு வேண்டும் நலமுள்ள தாய்க்கு அவள் விருப்பத்திற்கேற்ப அம்மருந்தை அளிக்கலாம் என்கின்றன. ஆகவே ‘விருப்பக் குறிப்பு’ என்பதே பொருந்தும். விருப்பம் மாறுவது இயல்பு. அதில் தோல்வி இல்லை.