துரையா: கோபுரம் இல்லாத இடத்துக்கு எட்டிய தொலைபேசி

வளைகுடாவில் எண்ணெய் வயல்களிலும் கப்பல்களிலும் வேலை பார்த்த நம் சகோதரர்கள் பலருக்குத் துரையா போன் பழக்கமான பெயர். அரபியில் துரையா என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சுரையா என்று பெயர் வைக்கிறோமே, அதே சொல்தான்.

இந்த நிறுவனம் 1997இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் தொடங்கப்பட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான எதிசலாத் முன்நின்றது. செல்பேசி பரவத் தொடங்கிய காலம் அது. ஆனால் ஊருக்கு ஊர் கோபுரம் நட்டால்தான் செல்பேசி பேசும். ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்திலும் கடலிலும் யார் கோபுரம் நடுவார்கள்?

இரண்டு வழிகள்

இதே கேள்விக்கு அமெரிக்காவின் இரிடியம் நிறுவனம் வேறொரு விடை கண்டது. பூமிக்கு அருகில் 66 செயற்கைக்கோள்களைச் சுற்ற விட்டு உலகம் முழுவதற்கும் சேவை தர முயன்றது. 1998இல் சேவையைத் தொடங்கி, மறு ஆண்டே திவாலானது. செலவுக்கு ஏற்ற வாடிக்கையாளர்கள் சேரவில்லை.

துரையா உலகம் முழுவதற்கும் ஆசைப்படவில்லை. தன் வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிறுத்தப்படும் செயற்கைக்கோள், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்படி ஒன்றே ஒன்று இருந்தால் பல நாடுகளுக்குப் போதும்.

ஆனால் அவ்வளவு தொலைவுக்குக் கையடக்கப் போனின் சமிக்ஞை மிகவும் மெலிந்துதான் போய்ச் சேரும். தூரத்தில் ஒருவர் மெல்லப் பேசினால் நாம் காதைக் கையால் குவித்துக் கேட்கிறோம் அல்லவா? அதுபோல 12 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள வலை ஆண்டெனாவைச் செயற்கைக்கோளில் பொருத்தினார்கள். மேலே போனதும் அது குடைபோல் விரியும்.

வளர்ச்சி

முதல் செயற்கைக்கோள் 2000 அக்டோபரில் பசிபிக் கடலில் மிதக்கும் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டது. 2001இல் சேவை தொடங்கியது. கோபுரம் உள்ள இடத்தில் சாதாரண செல்பேசியாகவும், இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் போனாகவும் ஒரே கருவி வேலை செய்தது. இரண்டாவது செயற்கைக்கோள் 2003இல் சென்றது. 2008இல் சென்ற மூன்றாவது, கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரை சேவையைக் கொண்டுபோனது.

2003 இராக் போரின்போது செய்தியாளர்கள் பலரும் இந்தப் போனையே நம்பியிருந்தார்கள். ஆனால் அமெரிக்கப் படை, தன்னோடு வந்த செய்தியாளர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. பேசுபவர் இருக்கும் இடத்தை இந்தப் போன் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சமே காரணம்.

2018இல் அபுதாபியின் யாஹ்சாட் நிறுவனம் துரையாவை வாங்கியது. 2024 அக்டோபரில் யாஹ்சாட், பயானாத் நிறுவனத்தோடு இணைந்து ஸ்பேஸ்42 ஆனது.

குறைந்த செயற்கைக்கோள்களை வைத்து நடத்துவதில் சிக்கனம் உண்டு, ஆபத்தும் உண்டு. 2024 ஏப்ரலில் மூன்றாவது செயற்கைக்கோள் பழுதானதும் ஆசிய பசிபிக் பகுதியில் சேவை நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப வேறொன்று மேலே இல்லை. 2025 ஜனவரியில் துரையா 4 ஏவப்பட்டது. கால் நூற்றாண்டு ஆன நிறுவனத்துக்கு இது புதிய தொடக்கம்.

ஊர் திரும்புவோர் கவனத்துக்கு

அமீரகத்தில் கடையில் கிடைக்கும் பொருள்தானே என்று இதைப் பெட்டியில் வைத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பதே இங்கே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் துரையா போன் பயன்படுத்தப்பட்டது தெரிந்த பிறகு கண்காணிப்பு மேலும் கடுமையானது. விவரம் தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் கைதான வெளிநாட்டுப் பயணிகளும் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவிகளாலும் இதே சிக்கல் வரும்.

பயன்படுத்தவில்லை, பழுதான போன், நண்பர் கொடுத்தனுப்பியது என்று சொல்லித் தப்பிக்கலாம் என எண்ண வேண்டாம். யாருடைய பார்சலாக இருந்தாலும் பிரித்துப் பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். கடலில் தொழில் செய்பவர்களுக்கு இத்தகைய வசதி தேவைப்பட்டால், பி.எஸ்.என்.எல். வழியாக முறைப்படி கிடைக்கும் இன்மார்சாட் சேவை இருக்கிறது.

பாலைவனத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றும் அதே கருவி, நம் ஊர் விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைத்துவிடக் கூடும். விடுமுறைக்குப் புறப்படும் உங்கள் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.