மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு: எம்.ஆர்.ஐ. வந்த கதை



கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ காலையில் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செக்கப்புக்குப் போகிறவர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து பல வருடம் ஆன பிறகும் ஏன் இந்தப் பயணம்? அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு மருத்துவமனை. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார்.

அந்தக் காலத்தில் உலகெங்கும் பெரிய ஆபரேஷன்தான் வழக்கம். அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1890-களில் பரப்பிய முறை அது. மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஃபிஷரும் இத்தாலியில் வெரோனேசியும், மார்பகத்தைக் காப்பாற்றிச் சிகிச்சை தர முடியுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். இருவரின் 20 ஆண்டு முடிவுகளும் 2002-ல் வந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர் சிகிச்சையும் பெற்றவர்களில் அது சுமார் 14 சதவீதமாகக் குறைந்தது. மார்பகம் தப்பியது, அதைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பும் கூடவே வந்தது.

அதற்கு முதல் கருவி, இன்றும், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மேமோகிராம்தான். ஒரு மார்பகத்தை முழுவதும் எடுத்தவர்களுக்கு மறுபக்கம் எடுப்பார்கள். ஆனால் அந்தப் படத்தில் ஆபரேஷன் தழும்பும் புதிய கட்டியும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. அடர்த்தியான மார்பகத்தில் கட்டி மறைந்தும் போகலாம்.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. காந்த சக்தியால் படமெடுக்கும் வழியை லாட்டர்பர் 1973-ல் காட்டினார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பக எம்.ஆர்.ஐ.யில், ஊசி வழியாகக் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். புற்றுக் கட்டி பெரும்பாலும் அதை வேகமாக உறிஞ்சிப் படத்தில் பளிச்சென்று தெரியும். பழைய தழும்பு அப்படித் தெரிவது குறைவு. ஆபரேஷனோ கதிர் சிகிச்சையோ முடிந்த சில மாதங்களுக்குள் எடுத்தால், புதுத் தழும்பும் பளிச்சிட்டுக் குழப்பலாம். சந்தேகம் வந்தால் முடிவு சொல்வது பயாப்சிதான்.

அப்படியானால் எல்லோரும் வருடா வருடம் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 50 வயதுக்கு முன் நோய் வந்தவர்களுக்கும், அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கும் மேமோகிராமோடு சேர்த்து இதையும் ஆண்டுதோறும் எடுக்கலாம் என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2018-ல் பரிந்துரைத்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சந்தேகம் எழும்போது மட்டும்தான். தீங்கில்லாத ஒன்றையும் எம்.ஆர்.ஐ. பெரிதாகக் காட்டி, வீண் பயாப்சியும் தூக்கமில்லாத இரவுகளும் தந்துவிடலாம். உங்களுக்கு எது தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு விஷயம். சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை பார்த்தவரா நீங்கள்? எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் விழுந்திருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகும் முன் சொல்லிவிடுங்கள். காந்தம் அதை நகர்த்திக் கண்ணைக் காயப்படுத்தலாம். பேஸ்மேக்கர், மார்பகச் சீரமைப்புக்கு வைத்த சாதனம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் மறைக்க வேண்டாம். மாதவிலக்கு நிற்காதவர்கள், அது தொடங்கிய 7 முதல் 14 நாட்களுக்குள் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும்.

புதுக் கட்டி, காம்பில் கசிவு, தழும்பில் மாற்றம், அக்குளில் வீக்கம் தெரிந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். 'ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே' என்று செக்கப்பைத் தள்ளிப்போடுபவர் உங்கள் பிளாக்கில் இருந்தால், இந்த இதழை அவரிடம் காட்டுங்கள். தனியாகப் போகத் தயங்கினால், ஒருநாள் கூடவே ரயில் ஏறுங்கள்.